பதினாறு கண்ணாடிக்கும் திருநீறு

எனக்குப் பயம் வருவதற்குக் காரணம் தேவையில்லை. காரணம் இல்லாத நாளில்தான் கூடுதலாக வரும். பால் பொங்கி வழிந்தால் அடுப்பு அணைந்து காஸ் கசிகிறதோ என்று பயம். பொங்காமல் கிடந்தால் பால் திரிந்துவிட்டதோ என்று பயம். வெளிநாட்டில் கிரேன் ஓட்டுகிற என் வீட்டுக்காரர் ஒருநாள் போன் செய்யத் தாமதித்தால் போதும், கிரேனே சாய்ந்துவிட்டதோ என்று பயம். "பயப்பட ஒண்ணும் கெடைக்கலன்னா, ஒண்ணும் கெடைக்கலையேன்னு பயப்படுவ நீ" என்பார் அவர்.

இப்படிப்பட்டவளின் வயலில்தான் பதினாறு கண்ணாடிப் பலகைகள் வந்து நின்றன.

வயல் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர். வலங்கைமான் பக்கம், குடமுருட்டி ஆற்றுத் தண்ணீர் வருகிற வாய்க்காலில் கிட்டத்தட்டக் கடைசி மடை எங்களுடையது. என் மாமனார் கூலிக்கு அறுத்த வயல் அது. இன்று பட்டா எங்கள் பேரில் இருக்கிறது. நானும் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நடவுக்கு இறங்கியவள்தான். யார் யார் வயலிலோ குனிந்து நட்டிருக்கிறேன். நடவுக்குப் போகிறவள் காலை வைக்கும்போது வயலில் தண்ணீர் நிற்கும். அது எங்கிருந்து வந்தது, யார் யாரிடம் கேட்டு வந்தது என்றெல்லாம் அவள் யோசிக்க வேண்டியதில்லை. சொந்த வயல் வந்த பிறகு எனக்கு அந்த யோசனை மட்டும்தான் வேலையாக இருந்தது.

ஆற்றில் தண்ணீரை முறை வைத்துத்தான் விடுகிறார்கள். எங்கள் மடைக்கு வருவதற்குள் முறை முடிந்துவிடும். போர் போட்டோம். மின் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருந்தோம். அதுவரை பக்கத்து வயல்காரரின் மோட்டார்தான் கதி. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் முதலில் அவர் வயல், அப்புறம் அவர் தம்பி வயல், அதற்கப்புறமும் மும்முனைக் கரண்டு நின்றிருந்தால் நான். அவருடைய மோட்டார் கொட்டகை வாசலில், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "ஐயா, ஒரு மணி நேரம்" என்று நான் நின்றிருக்கிறேன். அந்த மனிதருக்கு முன்னால் என் மாமனார் நின்ற இடமும் அதுதான். பட்டா மாறியும் நிற்கிற இடம் மாறவில்லையே என்பது எனக்கு முள் மாதிரி குத்திக்கொண்டே இருந்தது.

அதனால்தான், சோலார் பம்புக்கு மானியம் தருகிறார்கள் என்று வீட்டுக்காரர் போனில் சொன்னபோது, பயத்தோடு பயமாகச் சரி என்றேன். சிட்டா, அடங்கல், போர் போட்ட ரசீது எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஆபீசுக்கு நடையாய் நடந்தேன். ஆவணியில் லாரி வந்தது.

பிட்டராக வந்த தம்பி நாகூர்க்காரர். பேச்சு குறைவு, கை வேகம். இரும்புக் கால்களை நட்டு, பலகைகளைச் சாய்த்து அவர் மாட்டத் தொடங்கியபோதுதான் கவனித்தேன். அத்தனையும் தெற்குப் பார்த்து நின்றன. எனக்குத் திக்கென்றது. தெற்கு வாசல் வீடு என்றாலே பெண் கொடுக்கக் கொஞ்சம் யோசிக்கிறவர்கள் நாங்கள். எமன் திசையைப் பார்த்துப் பதினாறு பேரை வரிசையாக நிற்க வைத்தால் எப்படி?

"தம்பி, கிழக்கப் பாத்து வெச்சிடுங்களேன். சூரியன் அங்கதான வருது" என்றேன்.

அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். சூரியன் கிழக்கே வந்தாலும் நம் ஊரில் வருடத்தில் பெரும்பகுதி தெற்கே சாய்ந்துதான் போகிறதாம். கிழக்கே திருப்பி வைத்தால் காலையில் நன்றாக ஓடி மத்தியானத்துக்கு மேல் படுத்துவிடுமாம். அப்போது நான் இன்னொன்றும் கேட்டேன்: சித்திரை வெயிலில் இது இன்னும் நன்றாக ஓடுமா? "சூடு இதுக்கு வேணாங்கக்கா. வெளிச்சம்தான் கரண்டா மாறுது. ரொம்பச் சூடானா இது கொஞ்சம் சோர்ந்துதான் போவும்" என்றார். வெயிலில் நிற்பதற்கென்றே செய்த ஒரு பொருளும் வெயிலில் சோர்ந்து போகும் என்று கேட்டதில் எனக்கு அதன் மேல் ஒரு பிரியம் வந்தது.

பதினாறும் ஒரே கம்பியில் கோத்தவை, ஒன்று சுணங்கினால் மற்றவையும் சுணங்கும் என்றும் சொன்னார். இதை எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. நடவு வரிசையில் ஒருத்திக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால் வரிசையே நிற்பதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் தண்ணீர் வந்தது. பெரிய இரைச்சல் இல்லாமல், குழாய் வாய் நிறைய வந்தது. கையை நீட்டித் தொட்டுவிட்டு, ஷாக் அடிக்குமோ என்று இழுத்துக்கொண்டேன். பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று பார்த்தார். "வெயில்ல தண்ணி வருதா? அப்ப மழை பெஞ்சா நெருப்பு வருமா?" என்றார். அவரோடு நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியும் நடக்குமோ என்று சாயங்காலம் பிட்டர் தம்பிக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

அதற்கப்புறம் பயங்களுக்குப் பஞ்சமில்லை. மயில் வந்து கொத்துமோ, தென்னை மட்டை விழுமோ, இடி இறங்குமோ. தெற்குப் பார்த்து நிற்பது வேறு எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்து அரித்தது. ஆனாலும் அந்தத் தண்ணீரில்தான் சம்பாவுக்கு நாற்று விட்டேன். முதல் முறையாக யாரையும் கேட்காமல் விட்ட நாற்றங்கால். பச்சைப் பாய் விரித்த மாதிரி வந்தது. அதைப் பார்க்கக் காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் போவேன்.

நடவுக்கு நாள் குறித்துக் கொடுத்தவள் என் கூட்டாளி. நானும் அவளும் ஒரே நாளில் பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். இப்போது அவள் ஒரு நடவு செட்டுக்குத் தலைவி. பன்னிரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவள். விஜயதசமிக்கு மறுநாள் வயலைச் சேறடித்து வைக்க வேண்டும், அதற்கு அடுத்த நாள் வந்து நட்டுவிடுவோம் என்றாள். அதை விட்டால் பத்து நாளைக்கு அவர்கள் வேறு ஊர்களில். என் நாற்றுக்கு ஏற்கெனவே இருபத்தைந்து நாள் ஆகியிருந்தது. இன்னும் பத்து நாள் போனால் முற்றிவிடும். முற்றிய நாற்றை நட்டால் தூர் கட்டாது, விளைச்சல் குறையும். ஆகையால் விஜயதசமியன்று மோட்டாரைப் போட்டு வயலை நிரப்பத் தொடங்கியே ஆக வேண்டும். வாய்க்காலிலும் அந்த வாரம் முறை இல்லை.

முந்தின நாள் ஆயுத பூஜை. வேலை செய்கிற சாமான் எல்லாவற்றையும் கழுவி, திருநீறும் சந்தனமும் குங்குமமும் வைத்து, அன்று ஒருநாள் அதற்கு ஓய்வு கொடுப்பது வழக்கம். மண்வெட்டி, அரிவாள், சைக்கிள், தையல் மெஷின், மோட்டார்ப் பெட்டி என்று வரிசையாக வைத்துக்கொண்டு வந்தேன். மண்வெட்டிக்கு ஒரு விரல் கீற்று போதும். தெற்குப் பார்த்து நிற்கிற கண்ணாடிக்கு அது போதுமா என்று மனசு கேட்டது.

போதாது என்று முடிவு செய்தேன். ஒரு பேசின் நிறையத் திருநீற்றைக் குழைத்தேன். ஒவ்வொரு பலகைக்கும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, ஒரு பட்டைக்கு உள்ளங்கை அகலம், மூன்று பட்டை. நடுவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம். எட்டாத இடத்துக்கு ஸ்டூல் போட்டு ஏறினேன். மத்தியானத்துக்குள் எல்லாம் காய்ந்து பளிச்சென்று ஆனது. தூரத்திலிருந்து பார்த்தால் பதினாறு நெற்றிகள். போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். கும்பிடு போட்ட கைப்படம் இரண்டு அனுப்பினார். லாரி வந்த நாளிலிருந்து நான் நிம்மதியாகச் சாப்பிட்ட முதல் சாப்பாடு அன்றைக்குத்தான்.

விஜயதசமி காலையில் ஒன்பது மணிக்கு மோட்டாரைப் போட்டேன். பெட்டி உறுமியது. குழாய் ஒரு தரம் இருமியது. ஒரு கை தண்ணீர் விழுந்தது. அவ்வளவுதான்.

பத்து மணி ஆனது, பதினொன்று ஆனது. வானத்தில் மேகம் ஒரு பொட்டு இல்லை. தலை காய்கிற வெயில். உள்ளே மோட்டார் சுற்றுகிற சத்தம் கேட்கிறது, தண்ணீர் ஏறவில்லை. போர் வற்றிவிட்டது என்று நினைத்தேன். மண் சரிந்து போர் தூர்ந்துவிட்டது என்று நினைத்தேன். கிழக்கே வைக்கச் சொன்னேனே, கேட்டாரா என்று நினைத்தேன். வீட்டுக்காரருக்குச் சொல்லவில்லை, அவர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிற நேரம் அது. பிட்டர் தம்பிக்குப் போன் போட்டேன். நாகூர் பக்கமே ஒரு வேலையில் இருக்கிறேன், இரண்டு நாள் கழித்துத்தான் வர முடியும் என்றார். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டார். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதா? இல்லை. ஒயர் ஏதும் அறுந்திருக்கிறதா? இல்லை. மரம் வளர்ந்து நிழல் விழுகிறதா? இல்லை.

"பேனல் மேல அழுக்கு, கிழுக்கு ஏதாச்சும் இருக்காக்கா? தூசி, பறவை எச்சம்?"

எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. "அழுக்கா? நேத்துதான தம்பி எல்லாத்தையும் கழுவித் தொடச்சேன். ஒரு தூசி கெடையாது" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. திருநீற்றை எந்த நாக்காவது அழுக்கு என்று சொல்லுமா? என் மனசில் அது அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

அவர் குழம்பிப் போய், வீடியோவில் வாங்க என்றார். பெட்டியைக் காட்டினேன். குழாயைக் காட்டினேன். போனைத் திருப்பிப் பேனலைக் காட்டச் சொன்னார். காட்டினேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன்.

"இருக்கேங்கக்கா" என்றார். "அந்த வெள்ளையா இருக்கறது..."

"திருநீறு தம்பி. பூஜைக்குப் போட்டது."

"எத்தன பேனல்ல போட்டிருக்கீங்க?"

"எல்லாத்துலயும்தான். ஒண்ண விட்டா அதுக்குக் குறையாயிடாதா?"

அவர் சிரிக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அவர் மேல் எனக்கு மரியாதை. தொண்டையைச் செருமிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "அக்கா, வெளிச்சம் உள்ள போவணும்ல. பட்டை இந்தக் கடைசிலேருந்து அந்தக் கடைசி வரைக்கும் இருக்கு. அதுக்குக் கண்ண மூடினாப்பல ஆயிடிச்சி. போர் நல்லாத்தான் இருக்கு, மோட்டாரும் நல்லாத்தான் இருக்கு. கழுவி விட்டிங்கன்னா சரியாயிடும்." உடனே கழுவ வேண்டாம் என்றும் சொன்னார். கண்ணாடி கொதிக்கிற நேரத்தில் தண்ணீர் பட்டால் வெடித்துவிடுமாம். வெயில் தாழ்ந்த பிறகு, மெல்லிய பருத்தித் துணியால்.

எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. உடனே போகவும் போனது. கழுவுவது என்றால் குங்குமத்தை அழிப்பது. வீட்டுக்காரர் கடல் கடந்து கிரேனில் உட்கார்ந்திருக்கிறார். நான் இங்கே, பூஜை முடிந்த மறுநாள், பதினாறு நெற்றிக் குங்குமத்தை என் கையாலேயே அழிக்க வேண்டும், அதுவும் தெற்குப் பார்த்த நெற்றிகள். அழிக்காவிட்டால் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாவிட்டால் நாற்று முற்றிவிடும்.

கால் தானாகப் பக்கத்து வயல்காரரின் மோட்டார் கொட்டகைப் பக்கம் நடந்தது. அவரிடம் கேட்டால் கொடுக்காமல் இருக்க மாட்டார், இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுக் கொடுப்பார். முந்தானையை இழுத்துப் போர்த்தியதுகூட எனக்குத் தெரியவில்லை. பாதி வரப்பில் போகும்போது எதிரே என் கூட்டாளி வந்தாள். சேறு தயாராகிறதா என்று பார்த்துப் போக வந்தவள்.

"எங்கடி போர்த்திக்கிட்டுப் போற?" என்றாள். அவளுக்கும் அந்தப் போர்த்தலின் அர்த்தம் தெரியும்.

நடந்ததைச் சொன்னேன். பட்டை, சந்தனம், அழுக்கில்லை என்று நான் சொன்னது வரைக்கும். அவள் பிட்டர் தம்பி மாதிரி இல்லை. வரப்பிலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடிந்து, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

"அந்தத் தம்பி அழிக்கச் சொன்னாரா, கழுவச் சொன்னாரா?"

"கழுவ."

"கோயில்ல நேத்துப் பூசின சந்தனத்து மேலயா இன்னிக்குப் பூசறாங்க? குளிப்பாட்டிட்டுத்தான பூசறாங்க. அத யாராச்சும் அழிச்சிட்டாங்கன்னு சொல்றாங்களா? போயி குடத்த எடு. நாலு மணிக்கு மேல அபிஷேகம் பண்ணுவோம்."

அந்த ஒரு சொல் எனக்குப் போதுமாக இருந்தது. பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், அது எங்கேயும் போகாது. ஆனால் செய்யக்கூடிய வேலை ஒன்று கையில் கிடைத்துவிட்டது. அங்கேயே திரும்பினேன்.

சாயங்காலம் அடிபம்பிலிருந்து அவள் அடித்துக் கொடுக்க, நான் சுமந்து போய் ஊற்றினேன். மேலிருந்து கீழே, ஒவ்வொரு பலகைக்கும் இரண்டு குடம். திருநீறு கஞ்சித் தண்ணீர் மாதிரி வழிந்தது. அதில் குங்குமம் கலந்து வரப்பு ஓரம் ரோஸ் நிறமாக ஓடியது. துணியை வைத்துத் தேய்க்கவில்லை. கைக்குழந்தைக்கு ஒற்றி எடுப்பது போல ஒற்றினேன். காய்ந்த சந்தனத்துக்கு மட்டும் மூன்றாவது குடம் தேவைப்பட்டது. கூட்டாளி ஸ்டூலில் ஏறிக்கொண்டு, "கண்ண மூடிக்கங்கடி, எரியும்" என்று பலகைகளிடம் சொல்லிச் சொல்லி ஊற்றினாள். பதினாறாவது முடியும்போது வெயில் மூங்கில் தோப்புக்குப் பின்னால் இறங்கியிருந்தது. சரியாகிவிட்டதா என்று பார்க்க அன்றைக்கு வழியில்லை.

மறுநாள் காலை எட்டரைக்கு மோட்டாரைப் போட்டேன். பெட்டியில் எண் மெதுவாக ஏறியது. குழாய் இருமியது. அப்புறம் இன்னொரு தரம் இருமியது. நான் அதன் வாயைப் பார்க்காமல் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினேன். முதலில் விரல் பருமனுக்கு வந்தது, கொஞ்ச நேரத்தில் கை பருமன், பத்து மணிக்குக் குழாய் வாய் நிறைய. மடையைத் திறந்துவிட்டு அந்தத் தண்ணீர் என் வயலுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பிட்டர் தம்பிக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். அவர் குரலில் பதில் போட்டிருந்தார்: "எங்க ஊர் தர்காலயும் கந்தூரிக்குச் சந்தனம் பூசுவாங்கக்கா. கழுவினாலும் பூசினது பூசினதுதான். அடுத்த தடவ இரும்புக் கால்ல வெச்சிடுங்க." மூன்று மணிக்கு டிராக்டர் இறங்கிச் சேறடித்தது. பொழுது சாய்வதற்குள் பரம்பு ஓட்டிச் சமன் செய்து, வயல் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வயல்காரர் வரப்பில் வந்தார். அதற்குள் கதை தெரு முழுக்கப் போயிருந்தது. "ஏம்மா, பட்டையைக் கலைச்சாத்தான் தண்ணி வருதாமே" என்றார். நான் மண்வெட்டியைக் கழுவத் தொடங்கினேன். அவர் போகவில்லை. குழாயையும் வானத்தையும் பார்த்தார். அவர் மோட்டாருக்கு அன்று மும்முனைக் கரண்டு இன்னும் வரவில்லை. "என்னென்ன பேப்பர் கேக்கறாங்க?" என்றார், குரலைத் தாழ்த்தி.

"சிட்டா, அடங்கல், போர் ரசீது" என்றேன். "அப்பறம் தெக்கப் பாத்துத்தான் வெப்பாங்க ஐயா. அதுக்குப் பயந்துக்காதீங்க."

இதை யார் சொல்கிறது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த நாள் சொன்னபடி பன்னிரண்டு பேரும் வந்துவிட்டார்கள். நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரிசையில் இறங்கினேன். சொந்த வயலில் நடவாள் ஆவது அதுதான் முதல் தடவை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மடைப் பக்கம் மேடாகக் கிடந்த இடத்துக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் வேண்டியிருந்தது. பதினோரு மணி வாக்கில் தெற்கே இருந்து ஒரு மேகம் வந்தது. குழாய்ச் சத்தம் மெலிந்தது. கையில் நாற்று முடிக்கட்டோடு நிமிர்ந்துவிட்டேன். இது மழை மேகமா, இன்னும் வருமா, இன்றைக்கு முழுக்க இப்படித்தானா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். என்னால் வரிசை நின்றது.

"ஏய்" என்றாள் என் கூட்டாளி, தலையைத் தூக்காமலே. "மேகத்த அதுங்க பாத்துக்கும். அதுக்குத்தான் பதினாறு பேர நிக்க வெச்சிருக்க. நீ குனி."

குனிந்தேன். ஒரு முடி முடிந்தது, அடுத்த முடியைப் பிரித்தேன். முதுகில் வெயில் மறுபடி ஏறியது. கொஞ்ச நேரத்தில் மடைப் பக்கமிருந்து தண்ணீர் நகர்ந்து வந்து கணுக்காலைத் தொட்டது, பிறகு அதற்கு மேலே. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.